ஒன்பது தசம் இரண்டு நான்கு

கோபம் வந்தால் நான் முதலில் தேடுகிற என் கௌரி மச்சாளுக்கு,

நீ எங்களை விட்டுப் போய், வருகிற மாதத்தோடு இரண்டு வருடம். திவசத்துக்கு முதல் உனக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று நினைத்திருந்தேன். அன்பாக, ஆறுதலாக, வாசிக்கிறவர்களுக்கும் கண் கலங்குகிற மாதிரி. அது நடக்காது போலிருக்கிறது. எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. யாரோடாவது சண்டை பிடிக்காவிட்டால் தலை வெடித்துவிடும். சண்டை பிடிக்க உன்னை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மனுஷன், என் அண்ணா, இந்தக் காலபோகத்துக்கு முள்ளியவளை வயல் முழுவதையும் விதைத்துவிட்டார். பயிர் நன்றாக நிற்கிறது, பன்றிதான் தொல்லை. உன் மகன் என்னைவிட உயர்ந்துவிட்டான். கதைத்தால் பாதிக் கேள்விக்கு "ம்" என்கிறான், மீதிக்கு அதுவும் இல்லை. வவுனியாவில் நாம் இருவரும் கிழமை நாட்களில் தங்கிய வீட்டில் இப்போது நான் தனியாகத்தான் இருக்கிறேன். உன் அறையை வாடகைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஏதோ சாட்டுச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் பல்கலைக்கழகத்து இரண்டாம் வருடப் பிள்ளைகளின் செய்முறைப் பரீட்சை முடிவு போன கிழமை வந்தது. உனக்குத் தெரிந்த அதே முறைதான், குலுக்கலில் ஆளுக்கு ஒரு பரிசோதனை. ஒன்பது பேருக்கு எளிய ஊசல் விழுந்தது. நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, நேரம் எடுத்து, புத்தகத்தில் 9.81 என்றிருக்கிற புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கண்டுபிடிப்பது. மூன்று நாளாக ஒருவர் பின் ஒருவராக ஒன்பது பேரும் அதே மேசையில், அதே நிறுத்தற் கடிகாரத்தோடு செய்தார்கள். எட்டுப் பேர் சித்தி. கடைசியாகச் செய்த தர்சினிக்கு மட்டும் இருபதுக்கு ஏழு. சித்தியடைய எட்டு வேண்டும்.

இந்தப் பிள்ளையை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வந்தவள். கிளிநொச்சிக்கு உள்ளே ஒரு குடியேற்றத் திட்டத்தில் வீடு. தாய் தகப்பனின் ஆட்கள் ஒரு காலத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். வகுப்பில் வாயே திறக்கமாட்டாள், ஆனால் கரும்பலகையில் நான் ஒரு கூட்டல் கழித்தல் அடையாளத்தை மாறிப் போட்டால் அவளின் முகம் சுருங்கும். அதைப் பார்த்துத்தான் நான் திரும்பி என் கணக்கைச் சரிபார்ப்பேன். பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் செய்யவேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. செய்முறையில் சாதாரண சித்திக்கு மேல் எடுத்தால்தான் அந்தப் பட்டியலில் பெயர் வரும். அடுத்த வருடம் திரும்ப எழுதலாம், ஆனால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சாதாரண சித்திக்கு மேல் போடமாட்டார்கள். அந்த விதி உனக்கும் தெரியும். ஒருமுறை தவறினால் சிறப்புப் பட்டம் இல்லை, அவ்வளவுதான்.

முடிவு ஒட்டிய மறுநாள் அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. தன்னுடைய தாளை ஒருமுறை பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டாள். நானும் எடுத்தேன். எடுத்துப் பார்த்தபோதுதான் கண்டேன், அந்தத் தாளின் அடியில் இரண்டாம் பரீட்சகர் என்று கையெழுத்து வைத்திருந்தது நான். கூட்டல் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு வரி வாசிக்கவில்லை.

அவளுடைய விடை 9.24. புள்ளித் திட்டப்படி 9.7க்கும் 9.9க்கும் இடையில் இருந்தால் விடைக்குப் பத்துப் புள்ளி, வெளியே போனால் பூச்சியம். முதற் பரீட்சகர் பூச்சியம் போட்டிருந்தார். விடை பிழையென்றால் வாசிப்பும் பிழையாகத்தான் இருக்கவேண்டும் என்று அதற்கான பத்திலும் மூன்றை வெட்டியிருந்தார். ஆனால் தாளின் கடைசியில், மணியடிக்கிற அவசரத்தில் எழுதிய சரிந்த எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. நிறுத்தற் கடிகாரத்தை மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டேன், அது முந்நூறு செக்கன் ஓடும்போது இது முந்நூற்று ஒன்பது ஓடுகிறது என்று. அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளடி கூட இல்லை. சரி என்றும் இல்லை, பிழை என்றும் இல்லை.

நான் அவள் முன்னாலேயே கணிப்பானை எடுத்தேன். நூற்றுக்கு மூன்று வேகமாக ஓடுகிற கடிகாரம். கணக்கில் நேரத்தை நேரத்தாலேயே பெருக்குவதால், அந்த மூன்றை இரண்டு தரம் திருத்தினால் 9.24 என்பது 9.80 ஆகிறது. நம்முடைய இந்த மண்ணில் உண்மையில் வரவேண்டியது 9.78. கௌரி, அந்தக் கெட்டுப்போன கடிகாரத்தை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை அவ்வளவு துல்லியமாக அளந்திருக்கிறாள். மற்ற எட்டுப் பேரில் ஆறு பேர் 9.81 எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேர் 9.79. அந்தக் கடிகாரத்தில் உண்மையாக அளந்த ஒருவருக்கும் அந்த இலக்கம் வர வழியே இல்லை. அது புத்தகத்தில் இருக்கிற இலக்கம், இல்லையென்றால் அதற்குப் பக்கத்து இலக்கம். விடையை முதலில் வைத்துக்கொண்டு வாசிப்பைப் பின்னோக்கிக் கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு முழுப் புள்ளி. அளந்தவளுக்கு ஏழு.

ஏன் கடிகாரத்தைச் சரிபார்த்தாய் என்று கேட்டேன். தங்களுடைய பள்ளிக்கூடத்தில் ஒரேயொரு நிறுத்தற் கடிகாரம்தான் இருந்ததாம், அதுவும் நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். அதனால் எந்தக் கடிகாரத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் வேறொன்றோடு பிடித்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டதாம். இதை ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரிச் சொன்னாள்.

ஆய்வுகூடத்துக்கு ஓடினேன். நம் தவம் அண்ணைதான் இன்னும் அங்கே பொறுப்பு. கடிகாரத்தை எடுத்து என் கைத்தொலைபேசியோடு வைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் ஒன்பது செக்கன். தவம் அண்ணை தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஓம் மிஸ், அது முந்தியே கொஞ்சம் விரைவாத்தான் ஓடும். ஆனா பிள்ளையள் எல்லாருக்கும் ஒன்பது தசம் எட்டுத்தானே வந்தது. ஒருத்தரும் முறையிடேல்லை. பிறகு நான் என்னெண்டு பழுதுப் புத்தகத்திலை எழுதுறது?"

அவரைத் திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் யோசித்துப் பார். வருடம் வருடமாக ஒரு கெட்ட கடிகாரத்தில் எல்லாருக்கும் நல்ல விடை வந்திருக்கிறது. அதை யார்தான் சந்தேகித்தோம்? எல்லாரும் சித்தியடைகிறார்கள் என்று அறிக்கையில் எழுதி மேலே அனுப்பிக்கொண்டிருந்தோம். இதுதான் நாம் பிள்ளைகளின் படிப்பை மதிப்பிடுகிற இலட்சணம்.

துறைத் தலைவரிடம் போனேன். நீ இருந்த காலத்தில் இருந்தவர் அல்ல, இது புதியவர். கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன். பிரச்சினை ஒன்றும் தன் மேசைக்கு வரக்கூடாது என்று நினைக்கிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு புள்ளி கூட்டிவிடலாம் என்றார். ஏழு எட்டாகும், பிள்ளை சித்தி, இரக்கப் புள்ளி என்று எழுதிவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. எட்டோடு சிறப்புப் பட்டத்துக்குப் போகமுடியாதே என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஆய்வுகூடம் காணாமல் வருகிறவர்கள், அவர்களுக்குச் சாதாரணப் பட்டமே பெரிய விஷயம் என்றார். நீ இருந்திருந்தால் அந்தக் கதிரையை விட்டு எழும்பியிருப்பாய். நான் எழும்பவில்லை. இருந்து பல்லைக் கடித்தேன்.

தர்சினியைக் கூப்பிட்டு இந்த ஒரு புள்ளிக் கதையை அவர் முன்னாலேயே சொன்னேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள்.

"எனக்கு இரக்கப் புள்ளி வேண்டாம் சேர். நான் அளந்தது பிழையெண்டால் பிழையெண்டு சொல்லுங்கோ, நான் திரும்பச் செய்யிறன். சரியெண்டால் சரியெண்டு எழுதித் தாங்கோ."

அதற்குப் பிறகுதான் அவர் உண்மையான பூட்டைப் போட்டார். கடிகாரம் இன்றைக்கு வேகமாக ஓடுகிறது, சரி. பரீட்சை நடந்த நாட்களிலும் ஓடியது என்பதற்கு என்ன ஆதாரம்? எட்டுப் பேருக்கு ஒரு விடை, ஒருத்திக்கு வேறு விடை. அவள்தான் கடைசியாகச் செய்தவள். அவளுடைய கையில்தான் அது கெட்டதோ என்னவோ. எட்டுப் பேரும் கள்ள வாசிப்பு எழுதினார்கள் என்று ஒருத்தியின் சொல்லை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

முதல் நாள் செய்த ஒரு பையனின் தாளை அவருக்குக் காட்டினேன். கொக்கிளாயிலிருந்து வருகிற பிள்ளை, நல்லவன். அவன் 9.81 எழுதிய இடத்தில் தாள் மெலிந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் அழித்த பென்சில் தெரிகிறது. ஒன்பது, புள்ளி, இரண்டு. அதற்கடுத்த இலக்கம் தெரியவில்லை. அவனும் அளந்திருக்கிறான், கௌரி. அளந்து, தனக்கு வந்ததைப் பார்த்துப் பயந்து, அழித்திருக்கிறான். இதைக் கண்டபோதுதான் எனக்கு அந்த எட்டுப் பேர்மீது இருந்த கோபம் போய் எங்கள்மீது திரும்பியது. உண்மையை எழுதினால் பூச்சியம், பொய் எழுதினால் பத்து என்று விதி போட்டது அவர்களா?

தலைவர் தாளைத் திருப்பித் தந்தார். அழித்ததற்குப் புள்ளி போட முடியாது என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மிஸ், இந்தத் திட்டம் நானோ நீங்களோ போட்டதில்லை. கௌரி மிஸ் போட்டது. அவாவை விடவும் நேர்மையான ஆள் இந்தத் துறையிலை இருந்ததோ?"

நான் வெளியே வந்தேன். ஓம், உன்னுடைய திட்டம். உன் கையெழுத்துத்தான் இன்னும் அந்தக் கோவையின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் உன்னோடு சண்டை பிடிக்க வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை உனக்கு நினைவிருக்கிறதா? மாங்குளம் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு, தேநீர்க் கடை வாங்குப் பலகையில் இருந்தோம். அன்று பகல் நீ இரண்டு மாணவிகளின் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாய். வாசிப்பு ஒரே மாதிரி, வரைபும் ஒரே மாதிரி. ஒருத்திக்குப் பதினெட்டு, மற்றவளுக்குப் பதினொன்று. பதினெட்டு வாங்கியவள் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளை. பதினொன்று வாங்கியவள் எங்கள் பக்கத்துப் பிள்ளை. பஸ் நேர அட்டவணை அச்சடித்த தாளின் பின்பக்கத்தில் அந்த இடத்திலேயே திட்டத்தை எழுதினாய். விடைக்குப் பத்து, எல்லை இது, வெளியே போனால் பூச்சியம்.

"ஊரைப் பார்த்துப் புள்ளி போடுகினம். இனி ஆளைப் பார்க்காமல் இலக்கத்தைப் பார்க்கட்டும்" என்றாய்.

நல்ல நோக்கம்தான். யார் இல்லையென்றது? ஆனால் ஒரு பிள்ளை அளக்காமலே விடை எழுதலாம் என்று உன் மூளைக்குத் தட்டவே இல்லை. நீ வாழ்நாளில் ஒருதடவைகூட அப்படிச் செய்யாதவள். உனக்கு அந்தப் புத்தியே வராது. நேர்மையான ஆள் விட்ட பிழை அது. அதை நீ விட்டிருக்கக்கூடாது, கௌரி. திட்டத்தை எழுதி முடித்து, "எப்பிடி?" என்று என்னிடம் நீட்டினாய். நான் கடையில் வாங்கிய ரோல்ஸைக் கடித்துக்கொண்டு, "நல்லாயிருக்கு" என்றேன்.

நேற்று முள்ளியவளைக்குப் போனபோது அண்ணாவிடம் கதை முழுவதையும் சொன்னேன். மண்வெட்டியைச் சாத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒன்றுதான் சொன்னார். "அவள் இருந்திருந்தால் அந்தத் திட்டத்தைத் தானே கிழிச்சுப் போட்டிருப்பாள். ஆராவது அவளுக்கு அப்பவே சொல்லியிருக்க வேணும்." சொல்லிவிட்டுத் தண்ணீர் கட்டப் போய்விட்டார்.

ஆராவது சொல்லியிருக்க வேண்டும். அந்த வாங்கில் உனக்குப் பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான். பிள்ளைகள் விடையிலிருந்து பின்னோக்கி வாசிப்பு எழுதுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று நீ கேட்டிருப்பாய். அதற்குப் பயந்துதான் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக ஒருவருக்கும் சொல்லாதது. நாம் யாழ்ப்பாணத்தில் படித்தபோது, இரண்டாம் வருடத்தில், திருசியமானிப் பரிசோதனை. அரியத்தில் ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்து முறிவுச் சுட்டியைக் காண்பது. நீ இரண்டு பின்னேரம் அந்த இருட்டறைக்குள் இருந்து கண் சிவக்கச் சிவக்க வாசிப்பு எடுத்தாய். நான் மாமி வீட்டுக் கலியாணத்துக்குப் போய்விட்டு வந்து, மேல் வகுப்பு அக்கா ஒருவரின் பதிவேட்டைப் பார்த்து, ஒரு மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். கடைசி இலக்கங்களை மட்டும் அங்கொன்று இங்கொன்றாக மாற்றினேன். என்னுடைய விடை புத்தகத்து விடை. உன்னுடையது கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. அந்த வருடம் செய்முறையில் நான் முதலாவது, நீ ஒரு புள்ளி குறைந்து இரண்டாவது.

அந்த ஒரு புள்ளி வித்தியாசத்தில்தான் பிறகு எனக்கு முதலில் உதவி விரிவுரையாளர் இடம் கிடைத்தது. நீ ஒரு வருடம் வீட்டில் இருந்து, பின்னேர வகுப்புகள் எடுத்து, அடுத்த முறைதான் உள்ளே வந்தாய். என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னவள் நீ. பொறாமையின் ஒரு துளியை உன் முகத்தில் நான் காணவில்லை. காணாததுதான் எனக்கு இன்னும் எரிகிறது. உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் பேசாமல் இருந்தாயா? ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் இருந்த அந்த ஒன்றரை மாதத்தில் எத்தனை தரம் சொல்லப் பார்த்தேன் தெரியுமா? ஒவ்வொரு தரமும் நீ ஏதாவது பகிடி விட்டுச் சிரிக்க, நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

இதுதான் என் கோபம். தலைவரைத் திட்டினேன், முதற் பரீட்சகரைத் திட்டினேன், உன்னையும் திட்டினேன். எல்லாரையும் திட்டி முடித்த பிறகு திட்டுவதற்கு மிச்சம் இருந்தது நான்தான். அளக்காமல் எழுதி முதலிடம் வாங்கினவள், அளந்து எழுதிய பிள்ளையின் தாளை வாசிக்காமல் கையெழுத்து வைத்து அவளைத் தவறவிட்டிருக்கிறாள். கதை கட்டினால்கூட இவ்வளவு கேவலமாகக் கட்டமாட்டார்கள்.

பரீட்சைச் சபை வியாழக்கிழமை கூடுகிறது. அன்றைக்குச் சிறப்புப் பட்டப் பட்டியலும் முடிகிறது. தர்சினியின் வாசிப்பு சரி என்று சபை ஏற்க வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருக்கிறது. அந்த எட்டுப் பேரில் ஒருவராவது, எங்களுக்கும் ஒன்பது தசம் இரண்டுதான் வந்தது, பயத்தில் மாற்றி எழுதினோம் என்று தன் வாயால் சொல்லவேண்டும். சொன்னால் தண்டனை வருமா? அவர்களுக்குத் தண்டனை இல்லாமல் புதுக் கடிகாரத்தோடு திரும்பச் செய்ய விடவேண்டும், குற்றம் திட்டத்தின்மீதும் பரீட்சகர்மீதும் என்று நான் சபைக்கு எழுதிவிட்டேன். பரீட்சகர் என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன். சபை அதை ஏற்குமோ தெரியாது.

நாளை காலை பத்து மணிக்கு அந்த எட்டுப் பேரையும் என் வகுப்பறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொல்லுங்கோ பிள்ளையள் என்று அவர்களைப் பார்த்துக் கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? அந்த முகத்தை உண்டாக்கிக்கொள்ள எனக்கு ஒரு வழிதான் தெரிகிறது. அவர்களிடம் ஒன்றும் கேட்பதற்கு முதல், திருசியமானியின் கதையை நான் சொல்லப்போகிறேன். கலியாண வீடு, அக்காவின் பதிவேடு, மாற்றிய கடைசி இலக்கங்கள், முதலிடம் எல்லாம். இரண்டாவதாக வந்தவளின் பெயரையும் சொல்வேன். அது துறைக்குள் பரவும், சிரிப்பார்கள், தலைவர் அதை எனக்கெதிராக எடுத்து வைப்பார். வைக்கட்டும்.

ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்வதற்கு முதல், உனக்குச் சொல்லவேண்டும் என்று இருந்தது. அதற்குத்தான் இந்தக் கடிதம். திவசக் கடிதம் என்று தொடங்கிச் சண்டையாக்கியதெல்லாம் இந்த ஒன்றைச் சொல்லத் தைரியம் வராததால்தான்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டால் நீ உடனே தந்துவிடுவாய். வாக்கு ஒன்று மட்டும் தருகிறேன். உன் திட்டத்தில் எல்லைக்கு வெளியே போனால் பூச்சியம் என்ற அந்த வரியை என் கையால் வெட்டுவேன். இனி ஒரு பிள்ளையின் தாளையும் கடைசி வரி வரை வாசிக்காமல் கையெழுத்து வைக்கமாட்டேன். நாளை அந்த எட்டுப் பேரில் ஒருவரும் வாய் திறக்காவிட்டாலும், வியாழக்கிழமை தர்சினிக்குப் பக்கத்தில் நின்று, அளந்தவள் இவள், அளக்காதவள் நான் என்று சபையில் சொல்வேன்.

எட்டுப் பேரோடு ஒன்பதாவதாக நிற்கப்போகிற,
உன் மச்சாள்,
பவானி